வெறும் அஞ்சு வாட்

கிதார் நன்றாக வாசிக்கிறவன் நல்ல ஆம்ப்ளிஃபையர் தேடுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான் சுமாராகத்தான் வாசிப்பேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். என் விரல்கள் தடுமாறும்போதெல்லாம் நானும் கருவியைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். அலுவலக நண்பன் ஒருவன் வெளிநாடு போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போன எலக்ட்ரிக் கிதார் அது. அதைக் கைப்பேசியில் செருகி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒரு செயலி வழியாகக் கேட்பேன். தகர டப்பாவுக்குள் தேனீ மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

டியூப் ஆம்ப்ளிஃபையர் என்று ஒன்று இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. பழைய ரேடியோவுக்குள் கண்ணாடிக் குப்பிகள் மங்கலாகச் சிவந்து எரியுமே, அதே வால்வுதான். அந்தக் குப்பிகளைக் கொஞ்சம் வருத்த வேண்டும். சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போய் அவற்றின் எல்லையைத் தொட்டால், கம்பியின் ஓசை கரகரத்து, ஜலதோஷம் பிடித்த நல்ல பாடகனின் குரல் போல ஒரு இனிமை வரும். வீடியோக்களில் அதைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பைத்தியமே பிடித்திருந்தது. மெதுவாக வைத்தால் அதுவும் சாதாரணப் பெட்டிதான். அதனால் வீட்டில் வாசிக்கிறவர்கள் சின்னதாகப் பார்த்து வாங்குவார்கள். சின்னது சீக்கிரம் களைத்துவிடும், அக்கம்பக்கத்தார் தலை தப்பிக்கும். எவ்வளவு சின்னது என்பதில்தான் எனக்குக் குழப்பம். ஒரு வாட்டா, ஐந்து வாட்டா?

நாங்கள் குடியிருப்பது குமணன்சாவடியில் பெரிய ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு தெருவில், மாடி வீட்டில். கீழே வீட்டுக்காரர்கள். பூந்தமல்லி கடைத்தெருவில் வெகுகாலம் மெத்தைக் கடை வைத்திருந்து, கடையைக் கைமாற்றிவிட்டு ஓய்வாக இருந்த பாயும் அவர் மனைவியும். ஒரே மகளை ஆம்பூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். வாடகையோ தண்ணீரோ குப்பையோ, எதுவானாலும் நான் பாயிடம்தான் பேசுவேன். பெருநாளைக்குப் பிரியாணி வந்தாலும் தூக்குவாளியோடு படியேறி வருகிறவர் பாய்தான். அந்த அம்மா என் மனைவியோடு பின்பக்கம் துணி காயப்போடும் இடத்தில் பேசுவார் என்று தெரியும். என் தலை தெரிந்தால் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவார். குடிவந்த நாளிலிருந்து அவர் குரலைக்கூட நான் சரியாகக் கேட்டதில்லை.

வளைகாப்பு முடிந்து என் மனைவி கரூருக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போனாள். தொட்டில் மாட்டுவதற்குப் படுக்கையறைக் கூரையில் ஒரு கொக்கி போட்டு வைக்கச் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் தனியாக இருந்தேன். ஆம்ப்ளிஃபையர் ஆசை அப்போதுதான் தலைக்கேறியது.

ஒரு சாயங்காலம் பாய் வீட்டுக்குள் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு, மாடிப்படிக்கு அடியில் வந்து நின்றுகொண்டிருந்தார். அந்த மோட்டாரை வேறு யாரையும் தொடவிட மாட்டார். நான் போய் நின்றேன்.

"பாய், கிதாருக்கு ஒரு சின்ன ஸ்பீக்கர் பெட்டி வாங்கலாம்னு இருக்கேன். சத்தம் உங்களுக்குத் தொந்தரவா இருக்குமோன்னுதான் கேக்கலாம்னு..."

"எவ்ளோ பெரிசு தம்பி?"

"வெறும் அஞ்சு வாட் பாய்."

பாய் சிரித்துவிட்டார். "அஞ்சு வாட்டா? எங்க ஊட்டு நைட் லாம்பே அதுக்கு மேல கீது. இதுக்குப் போய் கேட்டுகினு. வாங்கி வாசிங்க தம்பி, உங்க ஊடு மாதிரி."

நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு கூசுகிறது. பல்பின் வாட் வேறு, வால்வுப் பெட்டியின் வாட் வேறு. ஐந்து வாட் டியூப் ஆம்ப்ளிஃபையரை வருத்தினால் தெருமுனை வரை கேட்கும் என்று அதற்குள் நான் எத்தனையோ இடங்களில் படித்திருந்தேன். படுக்கையறைக்கு என்று வாங்கிவிட்டுத் திண்டாடியவர்களின் புலம்பல்களையும் படித்திருந்தேன். வாட் என்றதும் பாய் பல்பைத்தான் நினைப்பார் என்பதும் எனக்குத் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு ஒரு எண் போதுமாக இருந்தது. பொய் சொல்லவில்லை என்று என்னால் இன்றைக்கும் வாதாட முடியும். பொய்யைவிட வசதியான ஒன்றைச் சொன்னேன்.

இன்னொன்றும் இருக்கிறது. பாய் சாயங்காலத் தொழுகைக்குப் போனால் பள்ளிவாசல் வாசலில் சிநேகிதர்களோடு பேசிவிட்டு, ராத்திரித் தொழுகையையும் முடித்துக்கொண்டுதான் திரும்புவார். நான் வாசிக்கிற நேரத்தில் எனக்கு நேர் கீழே இருக்கப்போவது அவர் மனைவி. அவரிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் விடியற்காலைத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்த பாய், எழுந்திருக்கவில்லை.

அன்றைக்கே அடக்கம். நானும் கூட்டத்தோடு கபர்ஸ்தான் வரை நடந்தேன். மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டுவிட்டு வந்து, கிதாரை உறையில் போட்டு மூடினேன். பதினாறு முடிகிறவரை தொடுவதில்லை என்று எனக்கு நானே கெடு வைத்துக்கொண்டேன். எங்கள் பக்கம் பதினாறாம் நாள் காரியம் முடிந்தால் துக்கம் கழிந்த மாதிரி. வேறு ஒரு வீட்டின் துக்கத்தை எங்கள் வீட்டுக் கணக்கில் கழிக்கிறோமே என்ற யோசனை எனக்கு வரவில்லை. வாசிக்காமல் இருந்ததில் உள்ளூர ஒரு பெருமிதம் வேறு. கரூருக்குப் போன் பேசும்போது, "பாவம், அவங்க துக்கத்துல இருக்கும்போது நாம சத்தம் பண்ணக்கூடாதில்ல" என்று பெரிய மனுஷன் மாதிரி சொன்னேன். ஹெட்போனில் வாசித்தால் யாருக்கும் கேட்கப்போவதில்லை என்பது வேறு விஷயம்.

கெடு முடிந்த சமயத்தில் ஒரு கார் வந்து நின்றது. மாடியிலிருந்து பார்த்தேன். பர்தா அணிந்த பெண்கள் சிலர் பைகளோடு ஏறினார்கள். அதில் ஒருவர் மகள் என்று தெரிந்தது. பதினாறு முடிந்ததும் பிள்ளைகள் தாயைத் தங்களோடு அழைத்துக்கொண்டு போவதும் எங்கள் பக்கத்து வழக்கம்தான். அதனால் இன்னொருவர் அந்த அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். அதன் பிறகு முன்பக்கக் கம்பிக் கதவு பூட்டியே கிடந்தது. ஜன்னல்களில் திரை விழுந்துவிட்டது. டிவி சத்தமோ பேச்சுக்குரலோ இல்லை.

கீழ் வீடு காலி என்று தீர்மானித்தபோது எனக்கு என்ன தோன்றியது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்துவிட்டு மற்றதையெல்லாம் எழுதுவதில் அர்த்தமில்லை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அந்த வாரமே பஸ் பிடித்து நகரத்துக்குள் இருந்த ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார். ஒரு வாட் பெட்டி, ஆபீஸ் சாப்பாட்டுப் பையைவிடக் கொஞ்சம் பெரியது. அதில் ஹெட்போன் செருகிக்கொள்ளவும் வழி இருந்தது. ஐந்து வாட் பெட்டி, கிரைண்டர் வந்த அட்டைப்பெட்டி அளவு இருந்தது.

"தனி வீடா சார், அபார்ட்மென்டா?"

"மாடி வீடு. கீழ யாரும் இல்ல."

சொல்லிவிட்டு எனக்கே ஒரு மாதிரி ஆனது. பாயின் சிரித்த முகம் வந்து போயிற்று. கடைக்காரர் என் முகத்தைக் கவனிக்காமல், "வீட்டுக்குன்னா ஒரு வாட்டே தாராளம் சார், ரெண்டையும் வாசிச்சுப் பாருங்க" என்றார். வாசித்துப் பார்த்தேன். ஒரு வாட் பெட்டி உண்மையிலேயே நன்றாக இருந்தது. என் வாசிப்புக்கு அதுவே அதிகம். ஆனால் ஐந்து வாட்டில் ஒரு கம்பியைத் தட்டியதும் ஓசை நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது. ஆசை வெட்கம் அறியாது என்பார்கள். பாயிடம்தான் ஐந்து வாட் என்று சொல்லி ஒப்புதல் வாங்கியாயிற்றே, சொன்ன சொல்லை மாற்றக்கூடாது என்று எனக்கு நானே ஒரு சமாதானம் செய்துகொண்டு பெரியதை எடுத்தேன். செத்துப்போனவரின் அனுமதியைச் சலுகைச் சீட்டு மாதிரி பயன்படுத்தியிருக்கிறேன் என்பது அப்போது உறைக்கவில்லை.

கொக்கி மாட்ட வேண்டிய இடத்துக்கு நேர் கீழே, தரையில் பெட்டியை வைத்தேன். தரையில் வைத்தால் அடிச்சத்தம் கனமாக வரும் என்று ஒரு வீடியோவில் சொல்லியிருந்தார்கள். தரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அந்த வீடியோக்காரன் சொல்லவில்லை. நானும் நினைக்கவில்லை.

தினமும் ஐந்து மணி வாக்கில் மடிக்கணினியை மூடிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். குப்பிகள் சூடாகிச் சிவக்கிற வரைக்கும் காத்திருந்து, மெதுவாக ஆரம்பித்து, ஏற்றிக்கொண்டே போவேன். பள்ளிவாசலில் பாங்கு சொன்னால் மட்டும் முடிகிறவரை நிறுத்திவிடுவேன். அதிலும் எனக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது, கொடுத்தவன் நானேதான்.

சில நாட்களில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நான் வாசிக்க ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் கீழே மோட்டார் ஓட ஆரம்பிக்கும். மகள் ஏதோ ஆட்டோமேட்டிக் கருவி பொருத்திவிட்டுப் போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் தெருவில் கரண்ட் எப்போதுமே பலவீனம். மோட்டார் ஓடினால் டியூப்லைட் சிமிட்டும், மின்விசிறி சோம்பிவிடும். அதோடு என் பெட்டியின் ஓசையும் மாறியது. வோல்டேஜ் இறங்கியதும் குப்பிகள் இன்னும் சீக்கிரம் களைத்து, நான் வீடியோக்களில் கேட்டு ஏங்கிய அந்தக் கரகரப்பு தானாகவே வந்து விழுந்தது. இதற்காகவே தனியாகக் கருவி வாங்கி வோல்டேஜைக் குறைத்து வாசிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அது இலவசமாகக் கிடைத்தது. மோட்டார் எப்போது ஓடும் என்று காத்திருந்து வாசிக்க ஆரம்பித்தேன்.

ஒரே தொல்லை, தொட்டி நிறைந்த பிறகும் மோட்டார் நிற்காது. மொட்டைமாடியிலிருந்து தண்ணீர் என் ஜன்னலை ஒட்டி அருவியாகக் கொட்டும். துணியெல்லாம் நனையும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். செம்பரம்பாக்கம் ஏரி பக்கத்திலேயே இருந்தும் கோடையில் லாரித் தண்ணீருக்குக் காத்திருக்கிற ஊர் இது, இப்படியா வீணடிப்பது என்று ஆம்பூரிலிருந்த மகளுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பினேன். தண்ணீரின் அருமையைப் பற்றி அதில் கொஞ்சம் உபதேசமும் செய்திருந்தேன். "சரி அண்ணா, சொல்றேன்" என்று பதில் வந்தது. எலக்ட்ரீஷியனிடம் சொல்வாள் என்று எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சாயங்காலங்களில் மோட்டார் ஓடவில்லை. காலையில் ஓடி, அளவாக நிற்கும். எனக்கோ அந்தக் கரகரப்பு போய்விட்டது. அதை மீட்டெடுக்கச் சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.

ஒரு சாயங்காலம் அப்படி ஏற்றி வைத்து, ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிற்று. பெட்டி அடங்கியது. மின்விசிறி நின்றது. குளிர்சாதனப்பெட்டியின் உறுமல்கூட இல்லை. அந்த அமைதியில் என் காலடியிலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

ஓதுகிற குரல். ஆனால் யாரும் அப்படி ஓத மாட்டார்கள். தொண்டை நரம்பு புடைக்க, கிட்டத்தட்டக் கத்துகிற குரல். இரைச்சலுக்கு நடுவில் தான் சொல்வது தன் காதிலாவது விழ வேண்டும் என்று ஒருவர் கத்துவாரே, அந்தக் குரல். கரண்ட் போனதை அவரும் கவனித்திருக்க வேண்டும். ஓதல் நடுவில் தடுக்கி நின்றது. பிறகு இறங்கி, இறங்கி, பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும் கேட்கிற அளவுக்குப் போய், முணுமுணுப்பாகத் தொடர்ந்தது.

நான் கிதாரை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். கீழ் வீடு காலியில்லை. ஒருநாளும் காலியாக இருந்ததில்லை. மோட்டாருக்கு எந்தக் கருவியும் பொருத்தப்படவில்லை. நினைக்க நினைக்க ஒவ்வொன்றாக வந்து முகத்தில் அறைந்தது. கரண்ட் திரும்ப வந்து பெட்டி உறுமியதும் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினேன்.

மகளுக்குப் போன் செய்தேன்.

"அம்மா இங்கதான் இருக்காங்களாம்மா?"

"ஆமாண்ணா. எங்க போவாங்க? இத்தால இருக்காங்க இல்ல."

எனக்குப் புரியவில்லை என்று தெரிந்துகொண்டு அவளே சொன்னாள். கணவன் இறந்தால் மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். அதுவரை அம்மா வீட்டைவிட்டு வெளியே வர மாட்டார், அந்நிய ஆண்கள் கண்ணில் பட மாட்டார். பின்தெருவில் இருக்கிற சித்தி வீட்டிலிருந்து பின்வாசல் வழியாகச் சாப்பாடு வருகிறது. "உங்களுக்குத் தெரியும்னுதான்ணா நெனச்சோம்" என்றாள். தெரிந்துகொண்டே வாசிப்பதாகத்தான் அந்த வீட்டில் இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்கள்.

"என் கிதார் சத்தம் அம்மாவுக்கு ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும். நான் மன்னிப்புக் கேட்டதாச் சொல்லும்மா" என்றேன்.

"ஐயோ, எதுக்குண்ணா? அம்மா ஒண்ணுமே சொல்லலியே. வெறும் அஞ்சு வாட்டுதானாமே, அத்தா சொன்னாராம்."

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது. நான் "ஆமாம்மா" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. வெட்கமாகத்தான் இருக்கும். அன்றைக்கே பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றினேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். விற்றுவிடலாம் என்று நினைத்தாலும் மனசு வரவில்லை. வாங்க வருகிறவன் முதல் கேள்வியாகச் சத்தம் எப்படி இருக்கும் என்றுதான் கேட்பான்.

மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆள் எனக்குப் பத்தடி கீழே இருந்தார். ஆனால் கேட்க முடியாது. கதவைத் தட்ட முடியாது, போனில் பேசலாம் என்றால் அவருக்குத் தனியாகப் போனும் கிடையாது. மகள் வழியாகக் கேட்டதை நானே கெடுத்துக்கொண்டேன். இத்தா முடிகிறவரை நான் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், சும்மா இருப்பது. பாத்திரம் விழுந்தால் பதறுவேன். நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைப்பேன். சாயங்காலமானால் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். மெல்லிய முணுமுணுப்பு கேட்டால் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும். கேட்காத நாட்களில், என்னால்தான் ஓதுவதையே விட்டுவிட்டாரோ என்று அலைபாய்வேன்.

இதற்கிடையில் கரூரில் மகள் பிறந்தாள். போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எல்லாவற்றையும் மனைவியிடம் அங்கே வைத்துத்தான் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே, "வீடு அந்தம்மாவோடது. பகல்பூரா அங்க கெடக்கறவங்க அவங்க. கேக்கறதா இருந்தா அவங்களத்தானுங்க கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். திரும்பி வந்த அன்றைக்கே ஆள் வைத்துத் தொட்டில் கொக்கியை மாட்டினேன். துளை போடுகிற கருவியை அரை நிமிடத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம் என்று அந்த ஆளிடம் நான் கெஞ்சியதும் அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

மனைவியும் குழந்தையும் வந்து சேர்ந்தபோது கீழே இத்தா முடிந்து சில நாட்கள் ஆகியிருந்தன. முன்பக்கத் திரைகள் விலகியிருந்தன. நான் கீழே போகத் தைரியம் திரட்டிக்கொண்டிருக்கும்போதே, ஒரு முற்பகலில் படிக்கட்டில் மெதுவான செருப்புச் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து அந்த அம்மா ஏறி வந்தார். வெளிர் நிறப் புடவை, தலையில் முக்காடு. அவர் முகத்தை நான் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான். நான் நினைத்திருந்ததைவிட வயதானவர், சின்ன உடம்புக்காரர். அந்த உடம்பா அப்படிக் கத்தியது என்று இருந்தது.

என் மனைவி குழந்தையைக் கொடுத்தாள். அவர் வாங்கி மடியில் போட்டுக்கொண்டு நெற்றியில் கைவைத்து ஏதோ ஓதினார். எத்தனையோ நாளாக மனதுக்குள் ஒத்திகை பார்த்த வாக்கியத்தோடு நான் வாசற்படி ஓரம் நின்றேன். அவர் முந்திக்கொண்டார்.

"தம்பி, நீங்க என்ன மன்னிக்கணும். தண்ணிய ரொம்ப வீணாக்கிட்டேன்."

குழந்தையை மடியில் சரியாகப் படுக்க வைத்துக்கொண்டே தொடர்ந்தார்.

"பொண்ணு சொல்லிச்சு, நீங்க சொன்னீங்கன்னு. அவுருக்காக ஓதலாம்னு ஒக்காந்தா மனசு நிக்கல. மோட்டார் ஓடுற சத்தத்துல ஒக்காந்தா கொஞ்சம் நிக்கிது. அதான் போட்டுகினு ஒக்காந்திருந்தேன். தொட்டி ரொம்பினத பாக்கல. தண்ணிய வீணாக்குறது எங்களுக்குப் பெரிய பாவம் தம்பி. நீங்க சொன்னதுக்கு அப்பால சாயங்காலத்துல போடவே இல்ல."

"அம்மா, தப்பு என்னோடது. என் சத்தம் தாங்காமதானே மோட்டார் போட்டீங்க? மகள்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா அன்னைக்கே நிறுத்தியிருப்பேனே."

அவர் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எப்படி சொல்றது? அன்னிக்கு ராத்திரி சாப்புடறப்போ சொன்னாரு. மேல தம்பி கிதாருக்குப் பொட்டி வாங்கப்போவுது, அஞ்சு வாட்டாம், சத்தமே வராது, அப்டி வந்தாலும் மூஞ்சி காட்டாத, பொண்டாட்டி புள்ளத்தாச்சியா ஊருக்குப் போயிருக்கு, தனியா கீதுன்னு. சாப்ட்டு படுத்தாரு. காலைல நான் ஏந்துக்கறதுக்குள்ள தொழுவப் போயிட்டாரு. வந்தாரு, ஒக்காந்தாரு, போயிட்டாரு. எங்கிட்ட கடசியா பேசினது அதான் தம்பி. அத எப்படி மீறறது?"

ஒரு மனுஷன் வாழ்நாளெல்லாம் கூட வாழ்ந்தவளிடம் கடைசியாகப் பேசியது என் பெட்டியைப் பற்றி. மகளைப் பற்றிப் பேசியிருக்கலாம். குழம்பு நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். அந்த இடத்தில் நான் போய் உட்கார்ந்துகொண்டேன், அதுவும் பாதி உண்மையோடு. இதற்கு மேலும் மென்று விழுங்கிக்கொண்டிருந்தால் நான் மனுஷனே இல்லை என்று தோன்றியது.

"அம்மா, அந்த அஞ்சு வாட்டு நைட் லாம்பு மாதிரி இல்ல. தெருவுக்கே கேக்கும். வாங்கறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பாய்கிட்ட அப்படிச் சொன்னேன். வேணாம்னு சொல்லிடுவாரோன்னு."

என் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். அந்த அம்மா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கோபம்தான் வரப்போகிறது என்று நின்றேன். வந்தால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அவுருக்குத் தெரியாதா?"

"தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. நான் சொன்னத அப்படியே நம்பிட்டார்."

 முக்காட்டின் முனையை எடுத்துக் கண்களைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்குத் தெரிஞ்சு அவுரு எங்கிட்ட பொய் சொன்னதில்ல தம்பி. சத்தமே வராதுன்னு சொல்லிட்டுப் போனாரு. மேல நீங்க வாசிக்கிறப்பல்லாம், கடசி பேச்சு ஏன் பொய்யா சொன்னாருன்னுதான் ஓடிகினே இருந்திச்சு. ஓதறப்பகூட அதேதான். ஒங்க சத்தத்த நான் பொறுத்துக்கினேன். அதத்தான் பொறுக்க முடியல." குழந்தையை என் மனைவியின் கையில் கொடுத்தார். "அவுரு பொய் சொல்லல. அப்ப சரி."

என்னைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. படிக்கட்டில் அவர் தடுமாறிவிடக் கூடாதே என்று பின்னாலேயே இரண்டு படி இறங்கினேன். வேண்டாம் என்று கையால் காட்டிவிட்டு, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அவரே இறங்கிப் போனார். கொஞ்ச நேரத்தில் கீழே மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டது. தொட்டி நிரம்புவதற்கு முன்பே நிறுத்திவிட்டார்.